வாரம் இரண்டு பாடவேளை, ஒரு பென் டிரைவ்: முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

தமிழ்நாட்டின் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது என்பது கணக்கு. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. கணக்கு, அறிவியல் நூல்களில் பல அலகுகளின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கமும் இருக்கிறது. அதை எத்தனை மாணவர்கள் செய்து பார்க்கிறார்கள் என்று உங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பில் ஒருமுறை கேளுங்கள். ‘தேர்வுக்கு வராது’ என்று தாண்டிப் போகும் பக்கமாகத்தான் அது பெரும்பாலும் இருக்கிறது.

கணக்கு, அறிவியல், கணினி கற்பிக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது சிறியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் இரண்டு ஆய்வகப் பாடவேளையைக் கால அட்டவணையில் எழுதிக் கொடுங்கள். இணையம் அறுந்தாலும் ஓடும்படி நான்கைந்து இலவசக் கருவிகளை ஆய்வகத்திலேயே ஏற்றிவைக்க அனுமதியும் ஆதரவும் தாருங்கள். பதிவேற்றப் பணியும் இணையவழித் தேர்வுகளும் வரும் நாளில் ஆய்வகம் அவற்றுக்குப் போகட்டும். ஆனால் அந்த நாளில் இழந்த பாடவேளையை அதே வாரத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அட்டவணையில் இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருபது இணைப்புகளை அனுப்புவது இதற்கு ஈடாகாது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, பள்ளி ஆய்வகத்தின் அந்த 45 நிமிடம்தான் மொத்த வாய்ப்பும்.

இணையத்தை நம்பாதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் எளிய கணக்கு. பத்து எம்.பி.பி.எஸ். (நொடிக்குப் பத்து மெகாபிட்) இணைய இணைப்பை இருபது கணினிகள் பங்கிட்டால் ஒன்றுக்குக் கிடைப்பது அரை எம்.பி.பி.எஸ். சுமாரான தரத்தில் ஒரு காணொளி ஓடவும் அது போதாது. பத்து நிமிடக் காணொளி ஒன்று ஏறத்தாழ 50 எம்.பி. என்று வைத்தால், இருபது பேர் தனித்தனியே பார்க்க ஒரு ஜி.பி. தீர்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி வகுப்பு முடிகிறது. அடுத்த வாரம் ஆசிரியர் ஆய்வகத்துக்கு வரவே தயங்குகிறார். காணொளியை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு திரையில் எல்லோருக்கும் சேர்த்துக் காட்டுவதே முறை. கணினிகள் மாணவர் கைபடும் வேலைக்கு இருக்கட்டும்.

அந்த வேலைக்கு முதல் கருவி ஃபெட் (PhET): சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் இலவசச் செயல்மாதிரிகளின் தொகுப்பு. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. ஒவ்வொரு செயல்மாதிரியும் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. பக்கத்தில் உள்ள இறக்க அம்புக்குறியைச் சொடுக்கி, பென் டிரைவில் எடுத்து, ஒவ்வொரு கணினியிலும் ஒட்டிவிட்டால் முடிந்தது. நிறுவத் தேவையில்லை, நிர்வாகி கடவுச்சொல் தேவையில்லை. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் போதும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறக்காது. கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பலமுறை வெறும் வெள்ளைத் திரைதான் வரும். அந்தக் கோப்பைக் கைப்பேசியின் கோப்பு மேலாளரில் சேமித்து, அங்கிருந்து குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் அலகை எடுத்துக்கொள்வோம். நேர்மின் சுற்று அமைக்கும் செயல்மாதிரியில் மின்கலத்தின் தொடக்க மதிப்பு 9 வோல்ட், மின்தடையாக்கி 10 ஓம். கணினியைத் தொடுவதற்கு முன்பே மாணவர் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி இது: இரண்டு மின்தடையாக்கிகளைத் தொடரிணைப்பில் வைத்தால், முதலாவதைத் தாண்டிய பிறகு மின்னோட்டம் குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா? ‘குறையும்’ என்று எழுதுபவர்கள் நிறைய இருப்பார்கள். மின்னோட்டத்தை முதல் கருவி ‘தின்றுவிடுகிறது’ என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது. பிறகு அம்மீட்டரை மூன்று இடங்களில் பொருத்திப் பார்க்கட்டும். மூன்றிலும் 0.45 ஆம்பியர். அதே இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் கிளைக்கு 0.9, மொத்தம் 1.8. மூன்றாவது கிளை சேர்த்தால் 2.7. சூத்திரத்தில் மொத்த மின்தடை குறைவதைப் படித்தவர்கள், மின்கலத்திலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கூடுவதை இப்போது கண்ணால் பார்க்கிறார்கள். வீட்டில் ஒரே பிளக்கில் பல கருவிகளைச் செருகினால் கம்பி ஏன் சூடேறுகிறது என்ற கேள்வி வகுப்பிலிருந்தே எழும்.

இதில் தடுமாறும் இடங்கள் மூன்று. திரையில் ஓடும் நீலப் புள்ளிகள் எலக்ட்ரான்கள். அவை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு ஓடும். பாடநூல் அம்புக்குறி மரபு மின்னோட்டத்துக்கு. இரண்டும் எதிரெதிராக இருப்பதைக் கண்டு ‘புத்தகம் தப்பா?’ என்று கேட்பார்கள். மின்னோட்டத்தைக் காட்டும் தேர்விலேயே மரபு மின்னோட்டத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. இரண்டையும் காட்டிவிட்டு மாற்றுங்கள். அடுத்து, மதிப்புகளைக் காட்டும் பெட்டியை முதலில் யாரும் டிக் செய்யக் கூடாது. எண் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஊகிக்கும் வேலை போய்விடும். மூன்றாவது, இந்த மின்கலத்துக்குத் தொடக்கத்தில் அகமின்தடை சுழியம். மேசையில் நிஜமான உலர் மின்கலங்களை வைத்து அதே சுற்றைக் கட்டினால் அளவீடு கணக்கைவிடச் சற்றுக் குறைந்து வரும். மாணவர் தவறு செய்துவிட்டதாக நினைத்து எண்ணைத் திருத்தி எழுதிவிடுவார். செயல்மாதிரியின் மேம்பட்ட அமைப்பில் அகமின்தடையை ஏற்றிக் காட்டினால் காரணம் விளங்கும். இதனால்தான் சொல்கிறோம்: திரையில் செய்த வாரத்திலேயே மேசையிலும் செய்ய வேண்டும். அறிவியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுக் கணினியில் மட்டும் சுற்றுக் கட்டினால் கற்றல் பாதியில் நின்றுபோகும்.

சமன்பாடுகளைச் சமன்செய்யும் ஃபெட் செயல்மாதிரியும் நல்லது. மூலக்கூற்று வாய்பாட்டின் கீழே உள்ள சிற்றெண்ணை மாற்றி ‘சமன்’ செய்யும் பழக்கத்துக்கு அது இடமே தராது. முன்னே உள்ள கெழுவை மட்டுமே மாற்ற விடும். ஒளியியலுக்கு வடிவியல் ஒளியியல் செயல்மாதிரி: குவிலென்சின் முன் பொருளை நகர்த்தி, பாடநூலில் உள்ள பிம்ப அட்டவணையை மாணவரே நிரப்பலாம்.

இரண்டாவது கருவி ஜியோஜீப்ரா (GeoGebra): வடிவியலும் வரைபடமும் வரையும் இலவச மென்பொருள். பாடநூலின் இணையச் செயல்பாடுகளே இதைத்தான் பயன்படுத்துகின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8 என 16 மதிப்பெண் இருக்கிறது. தேர்ச்சிக்குத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த 16 மதிப்பெண்தான் பிடிமானம் என்று நாம் எல்லோரும் பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் பெரும்பாலும் படிகளை மனப்பாடம் செய்ய வைத்தே கொடுக்கிறோம்.

அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையும் கணக்கைப் பாருங்கள். அடிப்பக்கத்தின் கீழே 60 பாகை, அதற்குச் செங்குத்து, மையக்குத்துக்கோடு, பிறகு வட்டம். வட்டம் எதற்கு என்று கேட்டால் பதில் வராது. ஜியோஜீப்ராவில் அதே படிகளைச் செய்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து, அங்கே உள்ள கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். புள்ளியை வட்டத்தில் நகர்த்த நகர்த்தக் கோணம் 60-ஐ விட்டு அசையாது. அடிப்பக்கத்தைத் தாண்டிக் கீழ்வில்லுக்கு வந்ததும் முக்கோணத்தின் உட்கோணம் 120 ஆகிவிடும். உச்சி எங்கெங்கே இருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் வட்டம் என்று அப்போது புரிகிறது. பிறகு கேளுங்கள்: குத்துயரம் 7 செ.மீ. கொடுத்தால் வரைய முடியுமா? புள்ளியை எவ்வளவு மேலே ஏற்றினாலும் 6.93-க்கு மேல் போகாது. அந்த உயரத்தில் முக்கோணம் சமபக்க முக்கோணம் ஆகிவிடுகிறது. ‘வரைய முடியாது’ என்பதும் ஒரு விடைதான் என்பதைத் தாளில் அளந்து ஒரு வகுப்பு முழுவதற்கும் உணர்த்துவது கடினம். இங்கே இரண்டு நிமிடம்.

வரைபடத்துக்கும் ஒன்று. உள்ளிடும் இடத்தில் ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + கே என்று அடித்தால் கே என்ற எழுத்துக்கு நழுவல் (இழுத்தால் மதிப்பு மாறும் பட்டை) ஒன்றை மென்பொருள் உருவாக்கித் தரும் (கிளாசிக் 5 பதிப்பு முதலில் ‘உருவாக்கவா’ என்று கேட்கும்). கே 3 ஆனால் பரவளையம் எக்ஸ் அச்சை 1-லும் 3-லும் வெட்டும். 4 ஆனால் 2-இல் தொட்டு நிற்கும். 5 ஆனால் அச்சைத் தொடாமல் மேலே போய்விடும். மூலங்களின் தன்மை என்ற பகுதி முழுவதும் இந்த ஒரு நழுவலில் இருக்கிறது. கே-யை 3-இல் நிறுத்தி, எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்பதை இந்த வரைபடத்திலிருந்தே தீர்க்கச் சொல்லுங்கள். கழித்தால் ஒய் = எக்ஸ் − 3 என்ற நேர்கோடு கிடைக்கும்; அது பரவளையத்தை வெட்டும் இடங்கள் 2, 3. ஏன் கழிக்கிறோம் என்பதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

இங்கே வழக்கமாக வரும் கோளாறு மிகச் சிறியது: விசைப்பலகை தமிழ் 99-இல் நிற்கும், எக்ஸ் அடித்தால் தமிழெழுத்து விழும், பத்து நிமிடம் போகும். வகுப்புக்கு முன் எல்லாக் கணினியிலும் ஆங்கில விசைக்கு மாற்றிவிடுங்கள். அடுக்குக்குறி ஷிஃப்ட்டும் 6-ம் என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள். நினைவகம் குறைந்த பழைய கணினிகளுக்குக் கிளாசிக் 5 இலகுவாக ஓடும்.

மொழி பற்றி ஒரு சொல். ஃபெட்டின் செயல்மாதிரிகளில் சில தமிழில் உண்டு, பல இன்னும் ஆங்கிலத்தில்தான். தமிழில் உள்ளவற்றிலும் கலைச்சொல் நம் பாடநூலோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. பக்க இணைப்பு என்று நம் நூலில் இருப்பது இலங்கை வழக்கில் சமாந்தர இணைப்பு. ஹைட்ரஜனைத் தமிழ் விக்கிப்பீடியா ஐதரசன் என்கிறது. எதுவும் தவறில்லை, ஆனால் தேர்வுத்தாளில் ஒன்றுதான் எழுத முடியும். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஆறேழு சொற்கள் கொண்ட சிறு அட்டவணை, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தால் போதும். இதை ஒவ்வொரு ஆசிரியரும் தனியாகத் தயாரிப்பது வீண் உழைப்பு. மாவட்ட அளவில் ஒருமுறை தயாரித்துத் தாருங்கள் என்பது முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு எங்கள் தனி வேண்டுகோள்.

மூன்றாவது, இணையம் இல்லாமலே பாடங்களைப் பார்க்க உதவும் கொலிப்ரி (Kolibri), கிவிக்ஸ் (Kiwix) என்ற இலவச மென்பொருள்கள். ஆய்வகத்தின் ஒரு கணினியில் கொலிப்ரியை நிறுவி, கான் அகாடமி போன்ற தொகுப்புகளை வெளி வன்தட்டிலிருந்து ஏற்றிவிட்டால், மற்ற கணினிகள் உலாவியில் அந்தக் கணினியின் ஐ.பி. எண்ணையும் 8080 என்ற துறை எண்ணையும் அடித்துப் பார்க்கலாம். வெளி இணைப்பு அறுந்தாலும் அறைக்குள் இருக்கும் சுவிட்சு வேலை செய்யும் வரை இது ஓடும். ஆங்கில வழிப் பிரிவுகளுக்குத்தான் இப்போதைக்கு இதன் பயன் அதிகம். கிவிக்ஸ் முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாகத் தருகிறது. படங்களோடு ஒன்று, படமின்றி ஒன்று. ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்றால் நான்கு இடங்களைப் பாருங்கள்: விண்டோஸ் ஃபயர்வால் கொலிப்ரியைத் தடுத்திருக்கும், ரவுட்டர் அணைந்து எரிந்ததில் ஐ.பி. எண் மாறியிருக்கும் (நிலையான எண் கொடுத்துவிடுங்கள்), அந்தக் கணினி உறக்கநிலைக்குப் போயிருக்கும், அல்லது யு.பி.எஸ். மின்கலம் செத்திருக்கும். பென் டிரைவில் பெரிய கோப்பை ஒட்டும்போது ‘கோப்பு மிகப் பெரியது’ என்று வந்தால், இடம் இருந்தும் அப்படி வரும் காரணம் பென் டிரைவின் ஃபேட் 32 என்ற சேமிப்பு வடிவம். நான்கு ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள், மாற்றுமுன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள், மாற்றும்போது எல்லாம் அழிந்துவிடும்.

பாடநூலில் உள்ள திக்ஷாவின் (அரசின் இணையவழிக் கற்றல் தளம்) கியூ.ஆர். குறியீட்டுக்குக் கேமரா வேண்டும், ஆய்வகக் கணினியில் கேமரா இல்லை என்பார்கள். கட்டத்தின் கீழே ஆறு எழுத்துக் குறியீடு அச்சாகியிருக்கிறது. திக்ஷா தளத்தில் அதைத் தட்டினாலே அந்தப் பாடத்தின் வளங்கள் வந்துவிடும்.

புரிந்ததா என்று சோதிக்கப் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி. ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி, மாணவரிடம் ஆளுக்கொரு காகித அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார் என்பதுதான் ஏ, பி, சி, டி விடை. கைப்பேசி கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார் என்பது பதிவாகும். 40 அட்டைத் தொகுப்பு, 63 அட்டைத் தொகுப்பு இரண்டும் இலவசமாக அச்சிடக் கிடைக்கின்றன. ஆர்வத்தில் லேமினேட் செய்துவிடாதீர்கள். விளக்கொளி பட்டு மின்னினால் கேமரா படிக்காது. சாதாரணத் தாளில் அச்சிட்டு, மங்கலான அட்டையில் ஒட்டினால் ஆண்டு முழுதும் வரும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்கக் கூடாது. பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்க்க முடியாததால், வகுப்பில் கை தூக்காத பிள்ளையும் இதில் பதில் சொல்கிறது. எங்களுக்கு இந்தக் கருவி மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணமே அதுதான்.

இணையம் ஒழுங்காக இருக்கும் பள்ளிகள் கூகுள் படிவத்தில் வினாடி வினா வைக்கலாம். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற தேர்வை அணைத்துவிட்டால் மாணவருக்கு மின்னஞ்சல் கணக்கே தேவையில்லை. விடைகளைக் கலைத்துப் போடும் வசதியைப் போட்டால், ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை முதலில் வந்து நிற்கலாம். அந்த வகை விடையை விட்டுவிடுங்கள். எழுத்தில் பதில் கேட்டால் ‘5 செ.மீ.’ என்று எழுதியவருக்குப் படிவம் தவறு போடும், ‘5’ என்றவருக்குச் சரி போடும்.

இனி, பாடவேளையை நடத்துவது. 40 மாணவர், 10 கணினி என்றால் ஒரு கணினிக்கு நால்வர். அதில் ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் பார்க்கிறார், இருவர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 20 பேர் கணினியில் இருவர் இருவராக, மற்ற 20 பேர் அதே அறையில் அதே பாடத்தின் கணக்கைத் தாளில். அடுத்த பாடவேளையில் இடம் மாறட்டும். நாங்கள் வாரம் இரண்டு என்று கேட்பது இதனால்தான். ஒன்று கொடுத்தால் பாதி வகுப்புக்கே கிடைக்கும். ஜோடியில் ஒருவர் கணினியை இயக்குவார், மற்றவர் எழுதுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். மவுஸ் எப்போதும் பையன் கையிலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஊகத்துக்கு ஏழு நிமிடம், திரையில் இருபது, நோட்டில் முடிவு எழுத எட்டு. மீதி வந்து அமரவும் கணினியை அணைக்கவும் போய்விடும். ஊகம் எழுதாத நோட்டுக்குக் கணினி இல்லை என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஊகிக்காமல் தொடங்கினால் விளையாட்டாக முடியும். தவறாக ஊகித்தவருக்குத்தான் திரை பதில் சொல்கிறது.

எந்தக் கருவியிலும் மாணவரின் பெயர், பெற்றோர் கைப்பேசி எண், எமிஸ் (கல்வித் துறைத் தரவுத்தள) எண் எதையும் ஏற்றாதீர்கள். வரிசை எண் போதும். 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை; அவர் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நம் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோரும் இதில் அடங்குவர். மாணவர் கணக்கு தொடங்காமல் இயங்கும் கருவிகளை நாங்கள் முன்வைப்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு காரணம், இலவசம் என்பது நிலையானதன்று. உலாவியில் அசைபடங்களை ஓட்டிய அடோபி ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31-உடன் நின்றபோது அதில் செய்த எத்தனையோ பாடச் செயல்மாதிரிகள் ஒரே நாளில் இருண்டுபோயின. அதற்கு முன் அச்சான பாடநூல்களின் இணைப்புகளில் சில இன்று திறக்காமல் போக அதுவும் ஒரு காரணம். கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. ஆகவே, இறக்கி வைத்துக்கொள்ள முடிகிற கருவிக்கு முதலிடம் கொடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில், ஜூன் முதல் வாரத்தில், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பாடநூலின் இணையச் செயல்பாட்டில் இணைப்பு செத்திருந்தால், அதற்கு ஈடான கோப்பு எது என்று ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிடலாம்.

அலுவலர்களிடம் மேலும் மூன்று வேண்டுகோள். வட்டாரத்துக்கு ஒரு வெளி வன்தட்டு: மேலே சொன்ன எல்லாம், கலைச்சொல் அட்டவணையோடு, பாட வரிசையில் அடுக்கப்பட்டது, பள்ளிகள் வாங்கிப் போய் நகலெடுத்துத் திருப்பித் தரட்டும். மவுஸ், விசைப்பலகை, யு.பி.எஸ். மின்கலம் ஆகியவற்றுக்குப் பள்ளி மானியத்தில் செலவிடத் தலைமை ஆசிரியர் தயங்காதபடி தெளிவான எழுத்துவழி அனுமதி. சில நூறு ரூபாய் மவுஸ் இல்லாமல் ஒரு கணினி மாதக்கணக்கில் மூடிக் கிடக்கக் கூடாது. கடைசியாக, இந்தப் பாடவேளைகளுக்குச் சான்றாக ஒளிப்படம் பதிவேற்றச் சொல்லாதீர்கள். படம் எடுக்கும் ஐந்து நிமிடமும் பிள்ளைகளுடையது. பள்ளிக்கு வரும்போது ஏதாவது மூன்று மாணவரின் நோட்டை வாங்கி, ஊகம் ஒரு பக்கமும் கண்டது ஒரு பக்கமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தலைமை ஆசிரியர்கள் இந்தப் பருவத்தின் கால அட்டவணையைத் திருத்தும்போது மின்னோட்டவியல், ஒளியியல், இருபடி வரைபடம், செய்முறை வடிவியல் ஆகிய நான்கிலிருந்து தொடங்கலாம். இந்த நான்குக்குமான கோப்புகள் ஒரு சாதாரணப் பென் டிரைவில் அடங்கிவிடும். ஒரு மதியம் ஒதுக்கினால் பத்துக் கணினிகளிலும் ஏற்றிவிடலாம். ஏற்றித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளின் கணக்கு, அறிவியல், கணினி ஆசிரியர்கள் சிலர்